துடைத்த நாணயம்

அந்த வீதியில் எல்லோரும் அவளை நாணயக்காரி என்றே கூப்பிடுவார்கள். செருப்புக் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில், கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற கடை அவளுடையது. சேகரிப்பவர்கள் வாங்கி விற்கிற அரிய நாணயங்களைப் பார்த்து, தரம் சொல்லி, விலை சொல்வது தொழில். சொன்ன விலையில் இம்மியும் அசையமாட்டாள் என்பதற்காகவே சிலர் அவளைத் தேடி வந்தார்கள். அதே காரணத்துக்காகச் சிலர் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒரு நாள் காலை அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, ஒரு மரப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே நாணயக்காரியின் கணவன், லிஃப்ட் மெக்கானிக், அக்காவுக்குக் குடை பிடித்தபடி வந்து நின்றான்.

பெட்டியில் நான்கு தங்க நாணயங்கள். கப்பலில் வேலை பார்த்த நாத்தனாரின் கணவர் வாங்கிச் சேர்த்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். கடைத்தெருவில் புழங்குவதற்காக அடித்த காசுகள் அல்ல அவை. சேகரிப்பவர்களுக்கென்று மெருகேற்றிய அச்சில் ஒவ்வொன்றாக அடித்த ப்ரூஃப் நாணயங்கள். பரப்பு கண்ணாடி மாதிரி முகம் காட்டும். உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் வெளுத்துப் புடைத்து நிற்கும்.

"பல் டாக்டர் ஒருத்தர் இப்ப வந்துடுவார்" என்றாள் நாத்தனார். "நீ பார்த்து, குறையில்லைன்னு சொன்னாத்தான் வாங்குவாராம். சொல்லிடு. மருமக மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டது போதும். ரெண்டு மெஷின் வாங்கிப் போட்டுத் தையல் கடை வைக்கப் போறேன்."

நாணயக்காரி கையுறையை மாட்டிக்கொண்டாள். விளக்கைத் தாழ்த்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். மூன்று நாணயங்கள் வாங்கிய நாளிலிருந்து உறையைவிட்டு வெளியே வராதவை. குறை என்று சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. நான்காவதுதான் பெரியது. அதன் விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்தபோது, பரப்பு முழுவதும் முடியைவிட மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடின.

"அண்ணி, இதை வெளியே எடுத்தீங்களா?"

"எடுக்காம? அவர் இருந்தவரைக்கும் அதைத்தான் கையில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பார். அவர் போனப்புறம் வாரா வாரம் எடுத்து, மெத்துன்னு ஒரு துணியால துடைச்சு வைப்பேன். ஒரு தூசி ஒட்ட விட்டதில்லை."

நாணயக்காரிக்குச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியாது.

"துடைச்சதுதான் அண்ணி வினையாப் போச்சு. சுத்தத் தங்கம் ரொம்ப மிருதுவானது. தூசி ஒட்டின துணி அதுக்கு உப்புத்தாள் மாதிரி. இனி யாராலயும் இதைப் பழையபடி ஆக்க முடியாது."

"என்னடி சொல்றே? கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிட்டேன்!" நாத்தனாரின் உதடு துடித்தது. அடுத்த கணமே குரல் இறுகியது. "சரி, இருந்துட்டுப் போகட்டும். வெறும் கண்ணுக்குத் தெரியாத கீறல்தானே? நீ வாயை மூடிக்கிட்டா முடிஞ்சுது."

"நாளைக்கு அவர் விக்கப் போற இடத்துல இன்னொருத்தர் இதே கண்ணாடியை வெச்சுப் பார்ப்பார் அண்ணி."

"ஒரு வார்த்தைதானே? நம்ம வீட்டு விஷயம்" என்று மெல்ல இழுத்தான் கணவன்.

"ஏங்க, கயிறு தேஞ்ச லிஃப்ட்டுல, உங்க அக்கா கேட்டாங்கன்னு ஆளை ஏத்துவீங்களா?"

அவன் குடையின் கம்பியில் ஏதோ பழுது இருப்பதுபோல் அதையே ஆராயத் தொடங்கினான்.

பல் டாக்டர் வந்தார். நாணயக்காரி சுற்றி வளைக்கவில்லை. மூன்றும் குறையற்றவை, பெரியது துணியால் துடைக்கப்பட்டது என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் பார்த்த பார்வையில் கடையே பற்றி எரிந்திருக்க வேண்டும்.

டாக்டரோ சிரித்தார். "அப்போ செட்டே போச்சு. நாலையும் எடை போட்டுத் தங்க விலைக்கு எடுத்துக்கறேன். பாவம், அந்தம்மாவுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

நாத்தனார் வாடிப்போய்த் தலையாட்டப் போனாள். அதற்குள் நாணயக்காரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, பட்டென்று மூடினாள்.

"டாக்டர், ஒரு பல்லு சொத்தைன்னு யாராவது வந்தா, மொத்த வரிசையையும் பிடுங்கிடுவீங்களா?"

"என்னம்மா பேச்சு இது?"

"விலைப் பேச்சுதான். மூணும் சமீபத்துல ஏலத்துல என்ன போச்சோ அதுதான் விலை. தங்க மதிப்புக்கு மேல பாதி சேர்த்து. பெரியதுக்குத் தங்க விலையும், அதுக்கு மேல கொஞ்சமும். ஏத்திச் சொன்னா உங்களுக்கு அநியாயம், இறக்கினா இவங்களுக்கு அநியாயம். ரெண்டுல எது வேணும்னாலும் வேற கடை பாருங்க."

"என் சிநேகிதங்க எல்லாரும் இங்கதான் வர்றாங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா..."

"தாராளமாச் சொல்லுங்க. இவ துடைச்சதைத் துடைச்சதுன்னும் சொல்லிட்டா, முழுசை முழுசுன்னும் சொல்லிட்டான்னு சொல்லுங்க."

டாக்டர் விருட்டென்று எழுந்து போனார். நாத்தனார் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "என் பொருளையும் மட்டம் தட்டினே, வந்த ஆளையும் விரட்டிட்டே. நாணயக்காரியாம் நாணயக்காரி!" என்று படியிறங்கினாள். கணவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குடையோடு அக்கா பின்னால் ஓடினான்.

டாக்டர் சொன்னதைச் செய்தும் காட்டினார். அவருடைய சிநேகிதர்கள் வருவது நின்றது. சொந்தக்காரர்கள் தொலைபேசியில் புத்தி சொன்னார்கள். வீட்டில் கணவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துத் தூங்கினான். ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவளுக்கே ஆட்டம் கண்டது. ஒரு வார்த்தையில் முடிந்திருக்குமே, அண்ணியின் முகமும் மலர்ந்திருக்குமே என்று மனம் அரித்தது. அப்புறம் அந்த நினைப்பின் மேலேயே கோபம் வந்தது. எழுந்து கண்ணாடி அலமாரியை அழுத்தித் துடைத்தாள்.

நாத்தனாரும் சும்மா இருக்கவில்லை. ஊரில் இருந்த கடையெல்லாம் ஏறி இறங்கினாள். ஒருவன் உருக்குகிற விலை சொன்னான். இன்னொருவன் நான்குமே தேய்ந்தவை என்று கூசாமல் புளுகினான். அவளோ, "மூணு குறையில்லாதது, ஒண்ணு துடைச்சது. எனக்குத் தெரியும், விலையைச் சொல்லு" என்று அவனிடம் மல்லுக்கு நின்றுவிட்டு வந்தாள். டாக்டரும் வேறிடத்தில் அதே மாதிரி ஒரு செட்டை விசாரித்து, அங்கே விலை இன்னும் அதிகம் என்று தெரிந்துகொண்டிருந்தார். கடைசியில் அவரே நாத்தனாருக்குப் போன் செய்தார். இருவரும் ஒன்றாகவே கடைக்கு வந்தார்கள். நாணயக்காரி அன்று சொன்ன விலையையே இன்றும் சொன்னாள். டாக்டர் முனகிக்கொண்டே கொடுத்தார்.

பெட்டி கைக்கு வந்ததும் அவர் குரல் குழைந்தது. "அந்தப் பெரிய காசுக்கும் குறையில்லைன்னு ஒரு சீட்டு எழுதிடும்மா. இனி அது என் பொருள்தானே?"

நாணயக்காரி வாயைத் திறக்குமுன் நாத்தனார் எகிறினாள். "நல்லா எழுதுவா! கூடப் பொறந்தவன் பொண்டாட்டி, எனக்கே எழுதித் தரலை. உங்களுக்கு எழுதிடுவாளா? குடுக்கறதை வாங்கிட்டுக் கிளம்புங்க டாக்டர்!"

துணியால் துடைக்கப்பட்டது, பரப்பில் கீறல்கள் உண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள் நாணயக்காரி. டாக்டர் அதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நாத்தனார் மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. "உன் கமிஷன் எவ்வளவு?" என்றாள்.

"எல்லார்கிட்டயும் வாங்கறதுதான் அண்ணி."

"நாத்தனார்னுகூடக் குறைக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"திமிர் பிடிச்சவ" என்று பணத்தை மேஜைமேல் வைத்தாள் நாத்தனார். சிரிப்பை அடக்கப் பார்த்தும் முடியவில்லை. வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள். "நாளைக்குக் கடையைச் சாத்திட்டு என்னோட வா. தையல் மெஷின் ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். புதுசுங்கறான். எனக்கென்னவோ பெயின்ட் அடிச்ச பழசு மாதிரி இருக்கு. நீ வந்து அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்லு."

"மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே அண்ணி."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"