சங்கரி கேள்வி கேட்காத மூன்று நாட்கள்

சங்கரிக்கும் மயில்வாகனத்துக்கும் பேச்சு நின்று எட்டு நாள் ஆகியிருந்தது. இது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. காலையில் எட்டு மணிக்கு இரண்டு பேரும் தறியில் உட்கார்ந்தால் மதியம் வரை தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். உடலும் ஒரு பக்கத்துக் கரையும் அவர் பொறுப்பு. மறு பக்கத்துக் கரைக்கு, ஊடு இழையை ஓட்டும் நாடாவைப் போட்டு, உடல் இழையோடு கரை இழையைக் கோர்த்து வாங்குவது அவள் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக ஒரே பலகையில் தோள் உரச உட்கார்ந்தவர்களுக்கு வாய் எதற்கு? அவர் மிதித்தால் இவள் கை தானாகப் போகும். மற்ற வீடுகளில் சண்டை வந்தால் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்து, அரை நாளில் அலுத்து, யாராவது ஒருத்தர் இறங்கி வருவார்கள். இவர்களுக்கு அந்த மூலையே கிடைக்கவில்லை. வேலை பாட்டுக்கு வேலை நடந்தது, சண்டை பாட்டுக்குச் சண்டை நடந்தது.

சண்டை ஒரு போனில் ஆரம்பித்தது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் இளவரசி பேசினாள். பூஜை லீவுக்கு ஞாயிற்றுக்கிழமையே வருகிறாளாம், அடுத்த ஞாயிறு வரை இருப்பாளாம். தீபாவளிக்கு மாமியார் வீடு, அதனால் வர முடியாதாம். மயில்வாகனம் "சரிம்மா, சௌகரியம்போல வா" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். சங்கரி கையை நீட்டியபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசக் குடுத்தா இன்னா கொறஞ்சிப் போயிடும்?" என்றாள்.

மயில்வாகனம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு அந்தப் பத்தையும் ஒரேயடியாகச் செலவழித்தார். "உங்கிட்ட குடுத்தா நீ இன்னா கேப்பன்னு எனக்குத் தெரியாதா? நீ நோண்டி நோண்டி கேக்கறதாலதான் அந்தப் பொண்ணு ஊர்ப் பக்கமே வர்றதில்ல."

சங்கரிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அதையே அவளும் தனக்குள் பல தடவை நினைத்துப் பார்த்து, இருக்காது என்று தள்ளி வைத்திருந்தாள். இளவரசிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், இன்னும் குழந்தை இல்லை. மாதம் தவறாமல் சங்கரி போன் போடுவாள். சாப்பாடு, தண்ணீர் கஷ்டம், மாப்பிள்ளை வேல்முருகனின் நைட் ஷிப்ட் என்று சுற்றி வளைத்துக் கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்து நிற்பாள். "தலைக்கு ஊத்திக்கினியா?" மாதவிலக்கு வந்துவிட்டதா என்பதுதான் அதற்கு அர்த்தம். "ஊத்திக்கினேன்மா" என்று பதில் வரும். அப்புறம் பேச்சு நீளாது. பொங்கலுக்கு வந்து போனவள் ஒன்பது மாதமாக வரவில்லை.

அன்றிலிருந்து சங்கரி புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். கூடவே மனசுக்குள் ஒரு முடிவும் எடுத்தாள். மகள் வந்து போகிற வரைக்கும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அந்தக் கேள்வி மட்டுமில்லை, எந்தக் கேள்வியுமே இல்லை. பெண் பழையபடி சிரித்துப் பேசிக்கொண்டு இருந்துவிட்டுப் போனால், குற்றம் தன் வாயில்தான் என்று ஒப்புக்கொள்வது. பெற்ற மகளை ஊர்ப்பக்கம் வரவிடாமல் செய்தவள் தானா இல்லையா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இளவரசி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவளே சொன்னாள். முகம் ஒடுங்கியிருந்தது. கன்னத்து எலும்பு தெரிந்தது. காதோரம் முடி வேறு கொட்டியிருந்தது. மூன்று கேள்விகள் சங்கரியின் தொண்டை வரைக்கும் வந்து முட்டின. மூன்றையும் முழுங்கிவிட்டு, "வாம்மா" என்றாள்.

"வர்றேன்மா" என்று சொல்லி இளவரசி வாசலிலேயே நின்றாள், வேறு ஏதோ வரப்போகிறது என்பதுபோல. வேறு எதுவும் வரவில்லை. சங்கரி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கேள்வி கேட்காமல் இருப்பது லேசான காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். "காபி குடிக்கிறியா" என்பதே கேள்விதானே. அதனால் சங்கரி கேட்காமலே காபியைக் கொண்டுபோய் வைத்தாள். குழம்பு போதுமா என்று கேட்க முடியாததால் சோற்றைக் குளமாக்கினாள். அடைத்து வைத்த கேள்வியெல்லாம் எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? திங்கட்கிழமை காலை கீரை கொண்டுவந்த முனிசாமி வகையாக மாட்டினார். மாகறலில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார், இட்லி தின்றாரா, மகளுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று இரண்டு கட்டு முளைக்கீரைக்கு இருபது கேள்வி. மனுஷன் கீரைக் காசை வாங்காமலே வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே இருந்து இதையெல்லாம் இளவரசி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மயில்வாகனத்துக்கும் சங்கடம்தான். மகள் முன்னால் சண்டையைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் பேசாமலே ஒத்துப்போனார்கள். "அப்பாவ சாப்பிட வரச் சொல்லும்மா" என்பாள் சங்கரி. அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பார். "அம்மாகிட்ட மோர் இருந்தா ஊத்தச் சொல்லு" என்பார் அவர். இளவரசி இரண்டு பக்கமும் தூது போனாள். ஆனால் அவள் கவனம் எதிலும் இல்லை. படுத்தே கிடந்தாள். வைத்த சோற்றில் பாதியைத் தள்ளி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் சங்கரி அடுப்பங்கரையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது இளவரசி வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா."

"ம்."

சங்கரி திரும்பாமல் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். திரும்பி அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் கேட்டுவிடுவாள். அவளை அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல" என்றாள் இளவரசி. "நாளைக்கு பூஜ முடிஞ்சதும் நைட் பஸ்ஸுக்கே கெளம்பலாம்னு இருக்கறேன்மா. ஆபீஸ்ல வேலை இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கிறேன் என்று வந்தவள். எண்ணெய்ச் சட்டியில் கடுகு கருகிய வாசனை வந்தது. சங்கரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வார்த்தை நோண்டவில்லை, அப்படியும் பெண்ணுக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. அப்படியென்றால் குற்றம் வாயில்கூட இல்லை. தன்னையே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். "சரிம்மா" என்றாள். ஏன் என்று கேட்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் சேலையை முடித்துத் தறியிலிருந்து அறுத்தார்கள். ஆயுத பூஜைக்குத் தறியில் பாதிச் சேலை நிற்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். முடிந்த சேலையை மடித்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அப்புறம்தான் வெளியே கொடுப்பார்கள்.

புதன்கிழமை காலை மயில்வாகனம் தறியைத் துடைத்து, மரத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார். நாடாக்களைக் கழுவித் தட்டில் அடுக்கினார். பொரியும் கடலையும் வாழைப்பழமும் வாங்கி வைத்திருந்தது. சங்கரி சேலையின் ஒரு முனையை எடுத்தாள். பழக்க தோஷத்தில் மறு முனையை இளவரசி எடுத்துக்கொண்டாள். மாம்பழ மஞ்சளில் உடல், அரக்கில் கரை. இரண்டு பேரும் கூடத்தின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் நின்று சேலையைத் தட்டி நீட்டினார்கள்.

இளவரசி பள்ளிக்கூட நாளில் லீவு விட்டால் அம்மா இடத்தில் உட்கார்ந்து கோர்வை போட்டவள். கண் சும்மா இருக்குமா? கரையும் உடலும் சேருகிற இடத்தைத் தடவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அம்மா, நடுவுல யார் உக்காந்தாங்க?"

"வேற யாரும் உக்காரல. நான்தான்."

"இல்ல. இதோ பாரு. இது வரைக்கும் பல்லு வரிசை மாதிரி நேரா வருது. இங்கேர்ந்து இழுத்துப் புடிச்ச மாதிரி சுருங்கிக்கினு போவுது." அவள் குனிந்து இன்னும் கொஞ்ச தூரம் பார்த்தாள். "இந்த ஒரு பக்கம் மட்டும். கடைசி வரைக்கும். அப்பா பக்கத்துக் கரை நல்லாத்தான் இருக்குது."

சங்கரி வந்து பார்த்தாள். உண்மைதான். கோபத்தில் ஒவ்வொரு தடவையும் இழையை வெடுக்கென்று இழுத்து வாங்கியிருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மயில்வாகனத்துக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் நெய்திருக்கிறார். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு சேலை அந்தத் தறியில் இறங்கியதில்லை.

"உனக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றாள் இளவரசி. "இல்ல அப்பாவோட சண்டையா? நானும் வந்ததுலேர்ந்து பாக்கறேன், ரெண்டு பேரும் என்ன நடுவுல வெச்சிக்கினே பேசறீங்க. இன்னா சண்ட?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பா, நீயாவது சொல்லு."

மயில்வாகனம் குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. "நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்மா. உங்கம்மா நோண்டி நோண்டி கேக்கறதாலதான் நீ வர்றதில்லன்னு. அதுலேர்ந்து எங்கிட்ட பேசறதில்ல. உங்கிட்ட எதுவும் கேக்கறதும் இல்ல."

இளவரசி கையிலிருந்த சேலையை விட்டுவிட்டாள். அது தரையில் சரிந்தது. பட்டு தரையில் விழுந்தால் அந்த வீட்டில் ஊரையே கூட்டுவார்கள். அன்றைக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அதனாலயா?" என்றாள். "அதனாலதான் ஒண்ணுமே கேக்கலியா? எம்மேல கோவம்னு நெனச்சேம்மா. தீபாவளிக்கு வரலன்னு சொன்னதுல மூஞ்ச திருப்பிக்கினன்னு நெனச்சேன். கீரைக்காரர் பொண்ணு கால் வலிய அப்படி விசாரிக்கிற, என்ன ஏன் எளச்சிட்டன்னு ஒரு வார்த்த கேக்கல."

சங்கரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா சொன்னது பொய்யில்லம்மா" என்றாள் இளவரசி. "நீ கேப்பன்னுதான் இத்தன மாசம் வராம இருந்தேன். இப்ப வந்ததும் நீ கேப்பன்னுதான். நீ கேட்டாதான் எனக்குச் சொல்ல வரும். நானா ஆரம்பிக்கத் தெரியல. மூணு நாளா உம் பின்னாலயே சுத்திக்கினு இருக்கறேன்."

மயில்வாகனம் எழுந்தார். சாமி படத்துக்குப் பக்கத்திலேயே பூசணிக்காய் இருந்தது. "பூசணிக்கா வாங்கினு வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். வாசல்படியில் நின்று, ஒன்பது நாளைக்கு அப்புறம் முதல் தடவையாகப் பெண்டாட்டியின் பெயரைச் சொன்னார்.

"கேளு சங்கரி" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது நாளாகச் சேர்த்து வைத்த கேள்விகளில் ஒன்றுகூட அந்த நேரத்தில் சங்கரிக்கு அகப்படவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தறிப் பலகையில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாச்சும்மா?"

இளவரசி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆவணி மாசம் போன் பண்ணி வழக்கம்போல கேட்டியே. ஊத்திக்கினேன்னு சொன்னேன். அன்னிக்கு வந்தது மாசா மாசம் வர்றது இல்லம்மா. ஏழு வாரம் ஆயிருந்துச்சி. நல்ல நாள் பாத்து உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கலைஞ்சி போயிடுச்சி. நீ போன் பண்ணது அதுக்கு மறுநா."

அந்த போன் சங்கரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "அதனால இன்னா, அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, தெருவில் குழாய் உடைந்த கதையைப் பத்து நிமிஷம் பேசியிருந்தாள். அந்தப் பத்து நிமிஷமும் இந்தப் பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. அழுவதற்கு இது தன் முறை இல்லை என்றும் தெரிந்தது.

"அன்னிக்கு யாரும்மா சமைச்சது?" என்றாள்.

இளவரசி திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், மாமியார் கேட்டாள், கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

"அவருதான். ரசம் வெச்சாரு. வாயில வெக்க முடியல, ஒரே புளி." சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் நின்றது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். அவரும் அழுதுக்கினே சாப்ட்டாரு."

"ஆஸ்பத்திரிக்கு எதுல போன?"

"பக்கத்து வீட்டு சிம்ரன் அக்கா கார்ல."

"வலிச்சிதா?"

"ரொம்பம்மா."

எங்கிட்ட ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி சங்கரியின் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குப் பதில் அவளுக்கே தெரியும். அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு, மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

இளவரசி கண்ணைத் திறக்காமலே அம்மாவின் முழங்காலைத் தட்டினாள்.

"நிறுத்தாதம்மா" என்றாள். "இன்னும் கேளு."