வாகியோவின் கண்ணுக்கு ஒரு விருந்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பிறந்தது குற்ற உணர்ச்சியில். வாகியோ ஐயாவின் வாயில் முதல் இனிப்புத் துண்டை வைத்தது இந்தக் கைதான். [இதைக் கடைசியில் சொல்வதாக இருந்தேன். வாய் நிற்கவில்லை.]

2

தொடக்கம் ஒன்று: "இந்தோனேசியாவின் செமாராங் நகரில் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களின் எண்ணிக்கை..." வேண்டாம், சுகாதார நிலையத்துச் சுவரொட்டி போலிருக்கிறது.

தொடக்கம் இரண்டு: எங்கள் சந்தில் சைக்கிள் பழுது பார்ப்பவர் வாகியோ. இடது கண்ணைச் சர்க்கரை எப்போதோ தின்றுவிட்டது. வலது கண்ணில் புரை. சர்க்கரை அளவு இருநூறுக்குள் வந்தால்தான் கத்தி வைப்போம் என்று ஆஸ்பத்திரி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது.

மனிதர் மூன்று மாதம் தவம் இருந்தார். வேளைக்கு மாத்திரை, வெள்ளிக்கிழமை தோறும், சந்துக்கே சுகாதார நிலையம் கொடுத்த மஞ்சள் சட்டையில் உடற்பயிற்சி. போன இடத்தில் வைத்த இனிப்புத் தேநீரைக் குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். அதனால் யார் வீட்டுக்கும் போகவில்லை. சந்தின் சுகாதாரத் தொண்டர் ரெட்னோ விரலைக் குத்திப் பார்த்துக் கைதட்டினாள்: நூற்றெழுபத்தெட்டு! கொதிப்பும் இறங்கியிருந்தது.

அன்று என்னைக் கூப்பிட்டார். "என்னைப் பத்தி எழுதுறியாமே? உங்க தமிழ் எழுத்து எப்படிடா இருக்கும்?"

"உருண்டை உருண்டையா இருக்கும் ஐயா."

"படிக்கத் தெரியாது. கண்ணு தெளிஞ்சதும் பாக்குறேன், அது போதும்."

3

அறுவைக்கு முந்தின நாள் மாலை எங்கள் சந்து செய்த காரியத்தைக் கேளுங்கள். எல்லாம் நல்லபடி முடிய வேண்டுமென்று வேண்டுதல் விருந்து வைத்தது! ஆட்டுக்கறிக் குழம்பு. வெல்லப்பாகில் ஒட்டரிசியைக் கிண்டிய வஜிக். கிண்டியது யார்? ரெட்னோவேதான்.

"நீயாடி?" என்றாள் வாகியோவின் மனைவி லஸ்மினி.

"துவா ஓதின பண்டம்க்கா. அதுல சர்க்கரை ஏறாது."

"அது உன் மிஷினுக்குத் தெரியுமா?"

[இங்கே வாகியோ கம்பீரமாக எழுந்து, "எனக்கு வேண்டாம்" என்று... இல்லை. பொய். மூன்று மாதம் தனியாகக் கிடந்தவரைத் தேடி ஊரே வந்திருக்கிறது. அழுதுவிட்டார். வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன். நான்கு துண்டு வஜிக்.]

4

மறுநாள் புதன்கிழமை, உடற்பயிற்சி நாளே இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. விடியும்போது சந்து முழுக்க மஞ்சள் சட்டை! நடுவில் வாகியோ, கையை வீசி நடந்தபடி, மூச்சு வாங்கச் சிரிக்கிறார்.

"மாத்திரை போட்டீங்களா?" என்று ஒவ்வொரு வாசலும் கேட்டது.

"போட்டேன், போட்டேன்! இனி கேட்டா அதுக்கே கொதிப்பு ஏறும்!"

"ஊட்டுறப்பவும் கூட்டம், இப்பவும் கூட்டம்," லஸ்மினி கத்தினாள். "ரெட்னோ, கைய இன்னும் மேல தூக்கு! நல்லா வேர்க்கட்டும்!"

5

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். உள்ளே அவர் விரலைக் குத்திவிட்டார்கள். மிஷின் ஐந்து, நான்கு என்று நொடிகளை எண்ணுகிறது.

முடிவு அ: நூற்றுத் தொண்ணூற்றாறு. லஸ்மினி நர்ஸைக் கட்டிப்பிடிக்கிறாள்.

முடிவு ஆ: இருநூற்று நாற்பது. மூன்றாம் முறையாக வீடு. லஸ்மினி வஜிக் சட்டியை... இந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். என்னால் முடியாது.

எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன்: ______. நீங்களே போடுங்கள். கொஞ்சம் இரக்கத்தோடு போடுங்கள், ஊட்டியவன் நான்.

என்றைக்காவது இந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவேன். அவர் உற்றுப் பார்த்து, "அடேய், பூராவும் அச்சுமுறுக்கா இருக்கே!" என்று நாக்கைச் சப்புக்கொட்டினால், அதுதான் முடிவு.