பேருக்கு உருபு இல்லை

திருப்பதியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்த பத்மாவதி, வரதய்யபாளையம் பக்கம் புதிதாக வந்த வெளிநாட்டுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் அவளுடைய துப்பட்டா ஓடும் பெல்ட்டில் சிக்கியது. பக்கத்தில் நின்ற தோழி தேன்மொழி பாய்ந்து மெஷினை நிறுத்தி, அவளை இழுத்துப் போட்டாள்.

ஓடி வந்த வெளிநாட்டு மேனேஜரிடம் சூப்பர்வைசர் நாகையா, 'பத்மாவதியைத் தேன்மொழி காப்பாத்துனா' என்று தமிழில் நினைத்ததை அப்படியே ஆங்கிலமாக்கினார்.

"பத்மாவதி தேன்மொழி சேவ்டு, சார்."

மேனேஜர் பத்மாவதியின் கையைக் குலுக்கிப் பாராட்டினார். பத்மாவதிக்கு அது பொறுக்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு தோழியைக் காட்டினாள்.

"நோ சார். ஷீ மீ சேவ்டு."

பதற்றத்தில் சொற்கள் தமிழ் வரிசையில்தான் விழுந்தன. ஆனாலும் மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. தேன்மொழியிடம் திரும்பிக் கை நீட்டினார்.

டீ நேரத்தில் நாகையா கேட்டார். "நானும் அதையேதான சொன்னேன்? அவுங்க பாஷையில வேற்றுமை உருபே கெடையாதா?"

"பேருக்குத்தாண்ணா இல்ல," என்றாள் பத்மாவதி. "தேன்மொழியோடன்னு சொல்றதுக்கு மட்டும் பின்னாடி ஒரு எஸ் வரும். மத்தபடி பத்மாவதி, பத்மாவதியை, ரெண்டும் ஒண்ணுதான். முன்னாடி நிக்கிற பேரு செஞ்சதுன்னு எடுத்துக்குவாங்க. ஆனா ஐ வேற, மீ வேற. ஷீ வேற, ஹெர் வேற. அதுல வேற்றுமை இன்னும் இருக்குது."

"அப்ப நான் இனிமே பேரே சொல்றதில்லம்மா," என்றார் நாகையா. தேன்மொழி டீ சிந்தச் சிரித்தாள். அந்த மாதமே அவளைப் பாதுகாப்புக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.