பொன்னுரங்கம் வளாகத்தில் எல்லோரும் சொன்ன பதில்

பொன்னுரங்கம் வளாகத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற சேதி வந்ததிலிருந்து ஊரே உருகுகிறது. அங்கேதான் முதல் ஷூ வாங்கினேன், அங்கேதான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன் என்று செல்போனில் எழுதித் தள்ளுகிறார்கள். படம் எடுக்க வருகிறவர்கள், ஜெராக்ஸ் மெஷின் குறுக்கே நிற்கிறது என்று என்னையே ஒதுங்கச் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களுக்கு ஷூ இன்னொரு கடையில் கிடைக்கும். எனக்கு இந்தக் கடை போனால் சோறு போச்சு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மாடிக் கட்டடம் அது. பொன்னுரங்கம் பேரில் இருக்கிற அறக்கட்டளை தொண்ணூற்று நாலில் கட்டி, இருபத்து நாலு கடைகளை ஏலம் விட்டது. எடுத்தவர்களில் நாலு பேர்தான் கடை நடத்தத் தெரிந்தவர்கள். மற்றவர்கள் நிலபுலனும் செல்வாக்கும் உள்ளவர்கள். தங்கள் பேரில் எடுத்து, எங்களைப் போன்றவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டார்கள். நான் கலையரசி, தாமலில் கூலி வேலைக்குப் போனவர்களின் மகள். எங்கள் தெரு ஆட்களை அந்த ஏலத்துக்குள் யார் விட்டிருப்பார்கள்? தனசேகரன் என்பவர் பேரில் இருந்த பதினாறாம் எண் கடையில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். நகல் எடுப்பது, மனு எழுதுவது, படிவம் நிரப்புவது. எதிர்க்கடையில் தேவகி ஜாக்கெட் தைத்தாள், சேலைக்கு ஃபால்ஸ் வைத்தாள்.

ஊருக்கு நாங்கள் கடைகள் மட்டும் இல்லை. வரதர் கருட சேவைக்கு வருகிற வெளியூர்க் கூட்டம் எங்கள் மாடிப்படியில்தான் உட்காரும், எங்கள் குடத்தில்தான் தண்ணீர் குடிக்கும். மாகறலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தேவகியிடம் பையை வைத்துவிட்டுப் போவார்கள். வாலாஜாபாத் பஸ் தாமதமானால் பெண்பிள்ளைகள் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் வீட்டிலேயே அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். இந்த ஊரில் பாதிப் பேருடைய பிறப்பும் சாவும் என் மெஷினில் நகலாகியிருக்கிறது.

உள்வாடகை கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை அவர்களுடைய கணக்குப்பிள்ளை நோட்டோடு வருவார். முதல் கடையில் பெல்ட் விற்கிறவர் அவர் தலையைப் பார்த்ததும் ஷட்டரை இரண்டு தட்டு தட்டுவார். அடுத்த நிமிஷம் இருபது கடையிலும் ஒரே பதில் தயாராகிவிடும். ஓனர் சாப்பிடப் போயிருக்கிறார், நான் இங்கே வேலை செய்கிறவள். காலை ஒன்பதரைக்கும் ஓனர் சாப்பிடத்தான் போயிருப்பார். கணக்குப்பிள்ளைக்கும் விஷயம் தெரியும். ஊழியர் என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போவார்.

ஒரே ஒரு முறை சாவி போடுகிற குப்புசாமி அண்ணன், என்ன அலுப்போ, நான்தான் சார் பதினோரு வருஷமாக நடத்துகிறேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் அவர் கடைக்கு அறக்கட்டளையின் பூட்டு விழுந்தது. சாப்பாட்டுக் கேரியர் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவர் அந்தப் பூட்டில் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர், அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை.

போன வருஷம் அறக்கட்டளைக்கு பிரியதர்ஷினி என்று ஒரு புது மேலாளர் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. எங்களைக் கூட்டி வைத்துப் பேசினாள். கட்டடம் தாங்காது, இடித்துத்தான் கட்ட வேண்டும் என்றாள். புதுக் கட்டடத்தில் கீழ்த்தளக் கடைகளை உண்மையிலேயே நடத்துகிறவர்களுக்கே கொடுக்கப் போவதாகச் சொன்னாள். யார் நடத்துகிறீர்கள் என்று படிவத்தில் எழுதிக் கொடுங்கள், ஒரு வாரம் டைம், பயப்படாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னாள்.

பயப்படாதீர்கள் என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. இருபது வருஷமாக மனு எழுதிய எனக்கா இந்தச் சர்க்கரைப் பேச்செல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே கடை கடையாக ஏறி இறங்கினேன். உண்மையை எழுதினால் மறுநாள் பூட்டுதான், குப்புசாமி அண்ணனை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. மொபைல் கவர் விற்கிற விஷால் மட்டும் சரக்கெடுக்கச் சென்னைக்குப் போயிருந்தான். கடை போட்டு மூன்று மாதம்கூட ஆகாத பையன், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் படிவத்தை என்னிடமே கொண்டு வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்? பத்தொன்பது படிவத்தையும் நானே நிரப்பினேன். ஒருவரிடமும் கூலி வாங்கவில்லை. இவ்வளவு பேரைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தேவகிதான் கடைசியாக வந்தாள். போலியோவில் சூம்பிய காலை இழுத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவள், படிவத்தைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா பொய் சொல்ற மாதிரி தெர்லப்பா. நெசத்தையே எழுதிட்டா இன்னா?"

"மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா உருப்பட்டாப்லதான். நான் சொல்றத கேளு."

மறுபேச்சு பேசாமல் படிவத்தை நீட்டினாள். பெயர் தேவகி, பணி ஊழியர் என்று எழுதினேன். அவளுக்கு எழுதத் தெரிந்தது அவள் பேரின் மூன்று எழுத்துதான். அதைக் கீழே போட்டாள்.

போன திங்கட்கிழமை பட்டியலை ஒட்டினார்கள். நான் சொல்லாமல் விட்டதால் உள்ளதை எழுதிக் கொடுத்திருந்த விஷாலுக்குப் புதுக் கட்டடத்தில் கடை இருந்தது. எங்கள் பத்தொன்பது கடையும் ஏலம் எடுத்தவர்கள் பேரிலேயே இருந்தது. மத்தியானமே தனசேகரன் போன் செய்தார். தன் உரிமையை ஒரு பட்டுச் சேலைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மெஷினைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளம்மா என்று அக்கறையாக வேறு சொன்னார்.

நானும் தேவகியும் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் படியேறினோம். மற்ற பதினேழு பேரும் கீழே நின்றார்கள். நீ பேசினால் சரியாக இருக்கும் என்று அவர்கள்தான் என்னை மேலே அனுப்பினார்கள்.

பிரியதர்ஷினி எங்களை உட்கார வைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். படிவத்தில் தப்பாக எழுதிவிட்டோம், திருத்தித் தாருங்கள் என்று கெஞ்சினேன். அவள் முழுவதும் கேட்டாள். மேசைக்குள்ளிருந்து எங்கள் படிவக் கட்டை எடுத்து எங்கள் முன்னால் பிரித்து வைத்தாள்.

"இனிமே என் கையில இல்லக்கா. ஏலம் எடுத்தவங்க ஆட்சேபம் பண்ணாங்க. நாங்கதான் நடத்துறோம், இவங்க எங்க ஆளுங்கன்னு சொன்னாங்க. அதுக்கு ஆதாரமா அவங்க காட்டினதே நீங்க எழுதிக் குடுத்த ஃபார்ம்தான். ட்ரஸ்டிங்க கையெழுத்து போட்டு முடிச்சிட்டாங்க."

கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டினாள். "பத்தொன்பதும் ஒரே கையெழுத்துல இருக்குது. யாருக்கா எழுதினது?"

தேவகிக்குப் படிக்கத் தெரியாதே தவிர, என் எழுத்தைத் தெரியும். எத்தனையோ வருஷமாக அவள் பில் புத்தகத்தில் நான் எழுதுகிற எழுத்து. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நான்தாம்மா" என்றேன். அந்த அறக்கட்டளையிடம் நான் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை.

பிரியதர்ஷினி திட்டவில்லை. தாள்களை அடுக்கிக் கட்டி, பழையபடி உள்ளே வைத்தாள். இடிக்கிறதுக்கு முன்னால் பத்து நாள் டைம் வாங்கித் தரப் பார்க்கிறேன் என்றாள்.

வெளியே வந்ததும் தேவகி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். மண்ணள்ளிப் போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். அவள் எப்போதும்போல் இறங்குவதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். கீழே பதினேழு பேரும் அண்ணாந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் நின்னுக்கினு இருக்காங்க பாரு" என்றாள் மெதுவாக. "இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்லட்டும்? நீ சொல்லுப்பா, அதையே சொல்லிட்றேன்."