ஐம்பத்தைந்து டிகிரி

இருபது வருஷமாகச் சாயப்பட்டறையில் துணி வேகவைக்கிறவன் நான். பருத்தித் துணியில் இயற்கையாகவே ஒரு மெழுகு ஒட்டியிருக்கும். அது போனால்தான் சாயம் ஏறும். அதற்குக் காஸ்டிக் சோடாவைக் கொட்டிக் கொதிக்கவிட வேண்டும். கடைசியில் வெளியேறும் பழுப்புத் தண்ணீரில் கை பட்டால் தோல் உரிந்துவிடும். தொழில் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

பட்டறை லேபில் வேலை பார்க்கும் என் தங்கச்சிக்குத்தான் பொறுக்கவில்லை. காஸ்டிக்கே வேண்டாம், என்சைம் என்கிற நொதியை ஊற்றினால் ஐம்பத்தைந்து டிகிரி சூடே போதும் என்று முதலாளியிடம் மல்லுக்கட்டி, மூன்று முறை செய்து பார்க்க அனுமதி வாங்கினாள். இரண்டு முறை ஊத்திக்கொண்டது. இன்று மூன்றாவது. இதுவும் போனால் பழையபடி காஸ்டிக்தான், அவளுக்கும் லேபில் வேலை இல்லை என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

காலையில் மெஷின் பக்கத்தில் பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

"குளிக்கிற சூட்டுல மெழுகு எப்படிம்மா போகும்?" என்றேன்.

"மெழுகைப் பிடிச்சு வெச்சிருக்கிற பசையை மட்டும் இது தேடிப்போய் வெட்டும்ண்ணா. மெழுகு தானா கழண்டுக்கும். ஆனா எழுபது டிகிரி தாண்டுனா செத்துடும்."

எனக்குப் பகீரென்றது. இரண்டு தடவையும் அவள் என்சைமை ஊற்றிவிட்டு அந்தப் பக்கம் போனதும், தொண்ணூற்றைந்துக்கு ஏற்றியவன் நான்தான். அவள் திரும்புவதற்குள் இறக்கியும் வைத்தேன். பாவம், பிள்ளை தோற்றுவிடக் கூடாதே என்று ஒத்தாசையாகத்தான் செய்தேன். ஒத்தாசையாம், என் தலையில் இடி விழ.

இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். எவனாவது வால்வைத் தொட்டிருந்தால் கடித்திருப்பேன். பிறகு கொஞ்சம் ஆறவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டோம். லேசாகக் கலங்கி, வெதுவெதுப்பாக வந்தது. மெல்லக் கையை நீட்டினேன். எரியவில்லை. முழங்கை வரை விட்டேன். இருபது வருஷத்தில் அந்தக் குழாய்த் தண்ணீரை நான் தொட்டது இன்றைக்குத்தான். எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

முதலாளியும் வந்து நின்றார். தங்கச்சி துணியில் ஒரு துண்டு வெட்டி மேஜையில் விரித்து, ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். மெழுகு இருந்தால் சொட்டு அப்படியே உருண்டு நிற்கும். அவள் "ஒண்ணு" என்று எண்ண வாயைத் திறப்பதற்குள் சொட்டைக் காணோம். இன்னொரு இடத்தில் விட்டாள். அதுவும் போயிற்று. கண்ணுக்கே தெரியாத ஒன்று, வெந்நீருக்குள் இத்தனை கிலோ துணியிலும் இழை இழையாகப் போய்ப் பசையைத் தேடி வெட்டியிருக்கிறது. நூலுக்கு ஒரு கீறல் இல்லை. நான் ஆ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ மொத ரெண்டு தடவை ஏன் ஊத்திக்கிச்சு?" என்றார் முதலாளி.

"நான்தான் சார் எங்கயோ அளவைத் தப்பா போட்டிருப்பேன்" என்றாள் தங்கச்சி.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. "இவ மேல தப்பே இல்ல சார். ரெண்டு தடவையும் நான்தான் கொதிக்கவிட்டேன்" என்றேன்.

முதலாளி அவளைத்தான் பார்த்தார். அவள் மேஜையில் இருந்த துணித் துண்டை மடித்து வைத்தாள்.

"ரெண்டு மாசமா, நான் படிச்சதெல்லாம் வீண்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன்ண்ணா" என்றாள்.