கரி பிடித்த மூடி

காலை பதினொரு மணிக்கே அந்தக் கடை வாசலில் வரிசை நின்றுவிடும். முன்பக்கம் கறிக்கடை, பின்பக்கம் நீளமான கரி அடுப்பும் இருபது மேசைகளும். வருகிறவர்கள் தொங்குகிற கறியில் தங்களுக்கு வேண்டியதைக் கைகாட்ட வேண்டும். வெட்டுக்காரர் அதை அவர்கள் கண்ணெதிரே மெஷினில் அறுத்து, எண் பொறித்த இரும்பு வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார். கறி பின்கட்டுக்குப் போகும். அங்கே அவருடைய மனைவி அதைச் சுட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவாள். நாள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அவளுக்குக் 'கங்கு அக்கா' என்று பெயர்.

முதலில் அந்தத் தெருக்காரர்கள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எவனோ ஒரு சுற்றுலாப் பயணி வீடியோ எடுத்துப் போட்டான். அதிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பக்கத்து ஜூஸ்கடை, எதிரே உள்ள தங்கும் விடுதி, முக்கில் நிற்கும் டாக்ஸிகள் எல்லாம் இந்த ஒரு கடையை நம்பிப் பிழைத்தன. முதலாளியைத் தெருவே 'பெரியண்ணன்' என்று கூப்பிட்டது. சிரித்த முகம், தோளில் கைபோட்டுப் பேசும் பழக்கம். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார் என்று பெயர். அந்தப் பெயர் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், எலும்பு அறுக்கும் மெஷினைச் சுற்றிப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற கூட்டத்தைப் பார்த்தார் பெரியண்ணன். அவருக்கு ஒரு யோசனை வந்தது. பிளேடுக்கு முன்னால் முழங்கை நீளத்துக்கு எஃகு மூடி ஒன்று இருந்தது. நாலு போல்ட் போட்டு இறுக்கியது.

"இந்த மூடி மறைக்குதேப்பா. அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றவன் பிளேடு ஓடுறதப் பாக்கணும். உன் மூடியையா பாப்பான்? கழட்டிப் போடு."

"அண்ணே, அது கைக்குக் காவலுக்கு இருக்கறது."

"இருபது வருஷமா அறுக்கறே. உனக்கு எதுக்குய்யா காவல்? உன் கைக்குத்தான் இந்தக் கூட்டமே வருது!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வெட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மிரட்டியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பார். புகழ்ந்ததும் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். உழைக்கிறவனை ஏமாற்ற இதைவிட மலிவான வழி கிடையாது.

கழற்றிய மூடி கொல்லைப்பக்கம் கிடந்தது. பின்கதவு வழியாக வரும் காற்று அடுப்பில் சாம்பலை வாரி இறைத்துக் கறியில் பூசிக்கொண்டிருந்தது. கங்கு அக்கா அந்த மூடியை எடுத்து வந்து அடுப்பின் ஓரத்தில் காற்றுக்கு மறைப்பாகச் செருகினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது.

இரண்டு மாதம் கழித்து வெட்டுக்காரர் ஒரு தடவை வந்து கேட்டார்.

"அந்த மூடியைக் குடேன். மறுபடி மாட்டிடறேன். பிளேடு வெறுமன ஓடறதப் பாத்தா எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"மாட்டினா அண்ணன் திரும்பவும் கழட்டச் சொல்லுவாரு. இங்க எனக்குத் தோதா இருக்கு. இத்தனை வருஷம் இல்லாத பயம் இப்ப என்ன? உங்க கை என்ன நேத்து முளைச்சதா?" என்றாள், இடுக்கியால் கறியைத் திருப்பிப் போட்டபடி.

அவரும் சிரித்துவிட்டுப் போனார். அதன்பிறகு கேட்கவில்லை.

போன வாரம் ஒரு விடுமுறை நாள். நாற்பது பேர் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வெட்டுக்காரர் விலா எலும்பைப் பிளேடில் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியண்ணன் கூட்டத்தின் நடுவிலிருந்து உற்சாகமாகக் கத்தினார்: "யோவ், கேமராவப் பாத்துச் சிரிய்யா!"

முதலாளி கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பது இருபது வருடப் பழக்கம். நிமிர்ந்தார். சிரிக்கக்கூடச் செய்தார். வலது கையின் இரண்டு விரல் மேசையில் விழுந்தது. ஆள்காட்டி விரல் தோலில் தொங்கியது.

கங்கு அக்கா இடுக்கியும் கையுமாக ஓடி வந்தபோது, பெரியண்ணன் வெட்டுக்காரர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். யாரோ ஆம்புலன்ஸ் என்றார்கள். "வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா கூட்டம் பயந்துடும்" என்று பெரியண்ணன் சொல்லி, கறி ஏற்றி வரும் வேனில் இருவரையும் பின்கதவு வழியாக ஏற்றி அனுப்பினார். குழாயைத் திறந்து மேசையைக் கழுவினார்கள். வேறொரு ஆளை நிறுத்தி, அரைமணி நேரத்தில் மெஷின் மறுபடி ஓடியது. பஸ்ஸில் வந்த ஒருவர், "ரொம்ப பாவம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில், "எங்க விலாக்கறி என்னாச்சு?" என்று கேட்டாராம். மனிதனுக்குப் பசி வரலாம். இப்படியும் ஒரு பசி வருமா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூடி மறைக்காமல் பேசினார். போன இரண்டு விரலும் போனதுதான். ஆள்காட்டி விரலைத் தைத்தாகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் நரம்புக்கு இன்னொரு ஆபரேஷன் செய்தால் மடங்கும். இல்லாவிட்டால் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே நிற்கும். தொழிலாளர் காப்பீட்டில் அதைச் செய்யலாம். ஆனால் அது வேலையில் நடந்த விபத்து என்று தொழிலாளர் ஆய்வாளர் விசாரித்து எழுதித் தர வேண்டும். விசாரணை வியாழக்கிழமை.

அதற்கு முந்தைய நாள் மாலை பெரியண்ணன் ஒரு கூடைப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழத்துக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது. கங்கு அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதில் இப்படி எழுதியிருந்தது: வெட்டுக்காரர் குடித்துவிட்டு வேலைக்கு வந்தார். மூடி இடைஞ்சலாக இருக்கிறதென்று தானே அதைக் கழற்றினார். இதை நான் நேரில் பார்த்தேன். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அதில் கையெழுத்து விழுந்தால் காப்பீட்டுப் பணம் கிடைக்காது.

"அண்ணே, அவரு லீவு நாள்ல மட்டும்தான் ரெண்டு கிளாஸ் போடுவாரு. வேலைக்குக் குடிச்சிட்டு வந்ததே இல்லியே!"

"அன்னிக்கு விடுமுறைதானேம்மா? ஊருக்கெல்லாம் லீவு. அவன் குடிப்பான்னு எல்லாருக்கும் தெரியும். நம்பிடுவாங்க" என்றார் பெரியண்ணன், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. "இல்லேன்னா கடைக்கு சீல் வெச்சிருவாங்க. தெருவே பட்டினி கெடக்கும். நீ கையெழுத்துப் போடு. ஆபரேஷனை நான் பாத்துக்கறேன். அவனுக்கு உக்காந்து வில்லை கொடுக்கற வேலை தர்றேன்."

"அத எழுதித் தருவீங்களா அண்ணே?"

"என் வார்த்தைய நம்ப மாட்டியா?" முகம் வாடிப்போய்க் கேட்டார். அவளுடைய வார்த்தைக்கு மட்டும் அவருக்குக் காகிதத்தில் கையெழுத்து வேண்டியிருந்தது.

அவர் போனதும் ஜூஸ்கடைக்காரி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். "உன் கஷ்டம் புரியுதுக்கா. ஆனா போன விரல் திரும்பியா வரப்போவுது? எங்க வயித்துல அடிச்சிடாதே" என்று மூக்கைச் சிந்தினாள்.

வெட்டுக்காரர் கட்டுப் போட்ட கையை மார்பின்மேல் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தார். "போட்டுடு. ரெண்டு பேருக்கும் வேலை போயிட்டா எங்க போவோம்? குடிகாரன்னு சொல்லிட்டுப் போகட்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை அவள் பார்க்காததுபோல் இருந்தாள். போட்டுவிடுவது என்று தீர்மானமும் செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை. மெஷினில் புத்தம்புது மூடி பளபளவென்று மின்னியது. கடையைக்கூட மூடவில்லை, வழக்கம்போல வரிசை நின்றது. கங்கு அக்காவும் அடுப்படியில் நின்றாள். ஆய்வாளர் அம்மா கையில் ஃபைலோடு வந்தார். அதிகம் பேசாத மனுஷி.

"பாருங்க மேடம், மூடி எப்பவும் இருக்கும். அன்னிக்கு அவன்தான் போதையில கழட்டிட்டான். அவன் சம்சாரமே சாட்சி. இதைவிட என்ன வேணும்?" என்று பெரியண்ணன் அவரைப் பின்கட்டுக்கு அழைத்து வந்தார். கூடவே ஜூஸ்கடைக்காரியும் வந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காகிதத்தை அடுப்புக்குப் பக்கத்து மேசையில் விரித்துப் பேனாவையும் வைத்தார்கள்.

கங்கு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். அந்த நேரம் பின்கதவு வழியாகக் காற்று வீசியது. சாம்பல் பறந்தது. அவளையறியாமல் அவள் இடதுகை இடுக்கியை எடுத்து, அடுப்போரத்து மூடியை ஒரு விரல் அளவு நகர்த்தி வைத்தது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்கிற காரியம்.

நகர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது.

உங்க கை என்ன நேத்து முளைச்சதா? தான் சொன்னதுதான். புருஷன் மூடியைக் கேட்டு வந்து நின்றபோது தான் சொன்ன சொல். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது ஆத்திரம். பேனாவைக் கங்கில் வீசினாள். இடுக்கியால் மூடியை உருவி எடுத்து, ஆய்வாளருக்கு முன்னால் அந்தக் காகிதத்தின் மேலேயே போட்டாள். காகிதம் புகைந்து கருகியது.

"மேடம், இதுதான் அந்த மெஷினோட மூடி. எட்டு மாசமா என் அடுப்புல இருக்கு."

"ஏதோ பழைய இரும்பு மேடம், இவ புருஷன் இப்படிக் கெடக்கறதுல புத்தி பேதலிச்சு..." என்று பெரியண்ணன் குறுக்கே வந்தார்.

"தள்ளு!" என்றாள். இருபது வருடத்தில் அவரை 'அண்ணே' போடாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "தட்டிப் பாருங்க மேடம். கொழுப்பும் கரியும் எத்தனை கனத்துக்குப் படிஞ்சிருக்குன்னு பாருங்க. இது ஒரு நாள்ல பிடிக்கிற கரியா?"

ஆய்வாளர் ஈரத்துணியைப் போட்டு மூடியைத் தேய்த்தார். அழுக்கு பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஓரத்தில் பொறித்த எண் தெரிந்தது. முன்பக்கம் போய் மெஷினில் உள்ள எண்ணோடு சேர்த்துப் பார்த்தார். ஒரே எண். புதிதாக மாட்டியிருந்த மூடியில் எண்ணே இல்லை. மெஷினின் மின்வயரைப் பிடுங்கினார்.

பெரியண்ணனின் சிரித்த முகம் அப்போதுதான் கழன்றது. திரும்பி வந்து பல்லைக் கடித்தார். "அடுப்புல கொண்டு போய் வெச்சது நீதானே? நீயும் சேந்துதான் மாட்டுவே, ஞாபகம் வெச்சுக்கோ!"

"மாட்டிக்கறேன். எழுதிக்கோங்க மேடம். கழட்டச் சொன்னது இவரு. திரும்ப மாட்டறேன்னு என் புருஷன் கேட்டப்ப, எனக்கு வசதியா இருக்குன்னு கொடுக்காம இருந்தது நானு. ஒண்ணையும் விடாம எழுதுங்க. ஆனா அவரு குடிச்சிருந்தாருன்னு மட்டும் எழுதாதீங்க. அன்னிக்கு அவரு தண்ணி குடிக்கக்கூட நேரமில்லாம நின்னாரு."

ஆய்வாளர் ஃபைலைத் திறந்து, 'வேலை நேரத்தில், பாதுகாப்பு மூடி அகற்றப்பட்டதால் நடந்த விபத்து' என்று எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார். கருகாத புதுக் காகிதம் ஒன்றில் கங்கு அக்கா கையெழுத்துப் போட்டாள்.

வாசல்நிலையில் நின்ற ஜூஸ்கடைக்காரி, "இப்படித் தெருவையே கவுத்துட்டியேக்கா" என்று தலையிலடித்துக்கொண்டாள். மேசைகளில் இருந்தவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, கையிலிருந்த இரும்பு வில்லையைக் காட்டி, கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்: "அப்போ... எங்க விலாக்கறி?"

கங்கு அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்த கறி கோத்த கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். இருந்த ஒரு வாளித் தண்ணீரையும் கங்கில் கவிழ்த்தாள். ஆவி குபுகுபுவென்று எழும்பி மேசைகளை மறைத்தது. போன்கள் கீழே இறங்கின.

"உங்கள மாதிரி வந்தவங்க அந்த மெஷினுக்கு முன்னால நின்னு கைதட்டினாங்களே, மூடி எங்கன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? நானும் கேக்கல, இந்தத் தெருவும் கேக்கல. எல்லாருக்கும் கறி ருசியா இருந்துச்சு, பொழப்பு ஓடிச்சு. இன்னொருத்தன் கை போறதப் பாத்துக்கிட்டு, நமக்கு ஆகவேண்டியது ஆகுதேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தா, அந்த பிளேடுல நம்ம கையும் இருக்குன்னு அர்த்தம்" என்றாள் கங்கு அக்கா. "இங்க இனிமே அடுப்பு எரியாது. வில்லையை வெச்சிட்டுப் போங்க."