பக்கத்து நிலவறையின் நுரை

எர்ஹார்ட் வீட்டு நிலவறைத் தொட்டியில் ஊற்றிய பியர்ச் சாறு ஏழு வருடம் பொங்கவில்லை, கெட்டும் போகவில்லை. ஊற்றிய அன்றிருந்த தேன் நிறமும் தித்திப்பும் அப்படியே இருந்தன. அந்த ஏழு வருடத்தில் எங்கள் ஐஷெல்பாக் ஊர்த் தேவாலயத்துக்குப் புது ஓடு போட்டார்கள், பன்றிக்கறி விலை ஏறி இறங்கி மறுபடி ஏறியது, தபால்காரருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கும் போனார்கள். தொட்டியில் மட்டும் ஒரு குமிழி வரவில்லை.

எங்கள் ஊரில் பியர் காய்ச்சுவது பொதுவில், பொங்கவைப்பது அவரவர் வீட்டில். இலையுதிர்காலத்தில் ஊர்ப் பொதுக் கொப்பரையில் முளைகட்டிய பார்லி மால்ட்டையும் கசப்புக்கு ஹாப்ஸ் பூவையும் காய்ச்சி, சாற்றைப் பிரித்து வீட்டுக்கு எடுத்துப்போவோம். சாற்றைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டும் வீட்டுக்கு வீடு கைமாறும். பியர் பக்குவமானதும் வாசலில் ஆறுமுனை நட்சத்திரத்தைத் தொங்கவிட்டால் யாரும் உள்ளே வந்து குடிக்கலாம். பழைய சாறு தொட்டியில் கிடக்கும்வரை புதுச் சாறு கிடையாது. கீழே கொட்டிவிடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சாற்றைக் கொட்டியவன் என்ற பெயர் எங்கள் ஊரில் பன்றி திருடியவன் என்ற பெயரைவிட மோசம்.

குளிரில் பொங்கும் லாகர் ஈஸ்ட் சோம்பேறி. இரண்டு மூன்று நாள் செத்ததுபோல் கிடக்கும், தொந்தரவு செய்யாமல் விட்டால் தானே எழும். எர்ஹார்டுக்கும் இது தெரியாமல் இல்லை. ஆனால் அவனுக்குப் பக்கத்து வீட்டில் குயிரின் இருந்தான். மனைவியை இழந்தவன், காலுக்கு ஒரு நிறத்தில் காலுறை போடுகிறவன், தொட்டியைக்கூட ஒழுங்காகக் கழுவாதவன். இரண்டு நிலவறைக்கும் நடுவில் ஒரே மணற்கல் சுவர். ஏழு வருடக் கதை தொடங்கிய அந்த வருடம் இருவரும் ஒரே கொப்பரைச் சாற்றில் ஒரே குடத்து ஈஸ்ட்டைப் பாதிப் பாதியாகப் போட்டார்கள். போட்ட கையோடு எர்ஹார்ட் சுவரில் காதை வைத்தான், பக்கத்தில் முந்திக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ள. மறுநாள் காலையிலேயே அந்தப் பக்கம் நுரை பொங்கும் சத்தம் கேட்டது. எர்ஹார்டுக்கு வயிறு பற்றிக்கொண்டது.

அவன் சும்மா இருக்கவில்லை. சுட்ட செங்கல்லை அடுக்கித் தொட்டியைச் சூடுபண்ணினான், கல்யாணத்துக்கு வந்த கம்பளியைப் போர்த்தினான், கலக்கினான், மேலும் ஈஸ்ட் போட்டான், பாதிரியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் செய்தான். எதற்கும் அது அசையவில்லை. மற்ற நேரமெல்லாம் சுவரில் காதை வைத்து நின்றான். இரண்டாம் வருடத்தில் கல்லில் அவன் காது அளவுக்கு, மடல் முதற்கொண்டு, ஒரு பள்ளம் விழுந்தது. கொத்தனார் வந்து தடவிப் பார்த்து, மணற்கல் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் மனைவி நோட்புர்கா தினமும் சாப்பாட்டோடு கீழே இறங்கி வருவாள். படியடியில் தொட்டி, எதிரே சுவர். தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று ஆரம்பிப்பாள்.

"ஏன்யா, சொந்தத் தொட்டிய விட்டுட்டு அடுத்தவன் தொட்டிக்குக் காது குடுத்துக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல? காது தேஞ்சு போச்சுன்னா கண்ணாடிய எதுல மாட்டுவ?"

"சத்தம் போடாதடி. அவன் என்னமோ போடறான். இல்லேன்னா இப்படிப் பொங்குமா?"

"ஒன்னும் போடல. அவன் அவன் வேலையப் பாக்குறான். நீயும் அவன் வேலையப் பாக்குற."

குயிரினின் வாசலில் வருடம் தவறாமல் நட்சத்திரம் தொங்கியது. நோட்புர்கா தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த வருடம் மட்டும் தொங்கவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை.

ஏழாம் வருடம் ஒரு பிற்பகலில் சுவரில் ஓட்டை விழுந்தது. எர்ஹார்டின் காதில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. அது குயிரினின் காது. அந்தப் பக்கத்திலும் அதே உயரத்தில், அதே அளவுக்குக் கல் தேய்ந்திருந்தது.

"யோவ், நீ ஏன்யா கேக்குற? என் தொட்டிதான் செத்துக் கெடக்கே."

குயிரின் காதை எடுத்துவிட்டு ஓட்டையில் வாயை வைத்தான். பிறகு சொன்னான்: "உன் தொட்டிய யாருய்யா கேட்டா. உன் பொண்டாட்டி திட்டுறதக் கேக்குறேன். என்னைத் திட்ட ஆளில்ல. உன்னை நெனச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அவ வாயத் தொறந்தாத்தான் இங்க ஒரு குமிழியாவது வரும்."

எர்ஹார்டுக்கு அப்போதுதான் புரிந்தது. ஏழு வருடமாக அவள் திட்டியதெல்லாம் அவன் காதோரமாகச் சுவருக்குள் போயிருந்தது. வீட்டுத் தொட்டிக்குக் கிடைத்தது அவள் முதுகு. மெல்ல நடந்து போய்த் தன் தொட்டியருகே நின்றுகொண்டான். முள்ளங்கியும் ரொட்டியும் கொண்டுவந்த நோட்புர்கா சுவரை விட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். "என்ன, சுவர் உன்னைத் தள்ளி வெச்சிருச்சா? மூஞ்சியப் பாரு, புளிச்ச பால் மாதிரி," என்றாள். தொட்டியில் முதல் குமிழி வந்தது. பொழுது சாய்வதற்குள் நுரை மூடியைத் தூக்கிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன் எர்ஹார்ட் நட்சத்திரம் கட்டினான். ஊரே வந்து குடித்தது. குயிரினும் வந்து ஒரு குவளை குடித்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே எழுந்துபோனான். அவன் வாசல் கொக்கி காலியாக இருந்தது. அந்தக் காலிக் கொக்கியைப் பார்க்கத்தானே எர்ஹார்ட் ஏழு வருடம் காத்திருந்தான்? பொய் சொல்வானேன், பார்த்துச் சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷம் வாரக் கடைசிவரைகூட வரவில்லை. ஓட்டைக்கு அப்பால் சத்தமே இல்லாத நிலவறையும், அதில் ஒற்றை ஆளின் இருமலும் அவனுக்குச் சோறு இறங்கவிடவில்லை.

அடுத்த வருடம் சாறு ஊற்றிய அன்று எர்ஹார்ட் கொஞ்ச நேரம் தொட்டியருகே நின்று திட்டு வாங்கினான். அது குமிழிவிட்டதும் சுவரருகே போய் நின்றான்.

"இப்ப அங்க எதுக்கு?"

"இங்கதான் காத்து வருது."

நோட்புர்கா ஓட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கைவைத்து, "யோவ் குயிரின், அந்தக் காலுறைய ஜோடி பாத்துப் போட்டா என்னய்யா கொறஞ்சிரும்?" என்று தொடங்கினாள்.

அன்றிலிருந்து இரண்டு வாசலிலும் நட்சத்திரம் தொங்குகிறது. ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. குயிரினுக்கு விழும் திட்டு தனக்கு விழுவதைவிடக் கொஞ்சம் நீளம் என்பது எர்ஹார்டின் எண்ணம். வயிறு எரிகிறது. ஆனாலும் அவள் திட்டி முடிக்கும்வரை அவன் அங்கிருந்து நகர்வதில்லை.